தூண்டிலும் வேட்டை நாயும்

ஆங்கிலேயர் தம் நாட்டுப்புற வாழ்வைப் பற்றிப் பேசும்போது, வேட்டை நாய்களின் பின்னே குதிரையேறிச் சென்று நரியையும் மானையும் துரத்துதல், துப்பாக்கியாற் பறவைகளைச் சுடுதல், தூண்டிலிட்டு மீன் பிடித்தல் ஆகிய மூன்றையும் ஒரே பெயரால் வழங்குவர். அப்பெயரை ‘வெளிநில விளையாட்டுக்கள்’ என நாம் தமிழில் தந்துகொள்ளலாம். ஒரே பெயர் சூட்டப்பட்டமையால், இம்மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்ற எண்ணம் அந்நாட்டில் நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. இருபதாம் நூற்றாண்டில் நரிவேட்டையைச் சட்டத்தால் தடைசெய்ய வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெற்றபோது, வேட்டைக்காரர் தூண்டிற்காரரை நோக்கி, “இன்று எமக்கு, நாளை உமக்கு” என எச்சரித்தனர். நரிவேட்டை வீழ்ந்தால் அடுத்து வீழ்வது தூண்டிலே. ஆதலால் எம்முடன் சேர்ந்து நில்லுங்கள் என்பது அவர்தம் வேண்டுகோள். இவ்வேண்டுகோள் நியாயமானதா? தூண்டிற்காரர் வேட்டைக்காரருக்குத் துணைநிற்கக் கடமைப்பட்டவரா? இவ்வினாவுக்கு உணர்ச்சியால் விடையளிப்பது எளிது. வரலாறு தரும் விடையை நோக்குவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

வேட்டைக்காரரும் தூண்டிற்காரரும் உறவினர் என்ற எண்ணத்துக்கு இலக்கிய ஆதாரம் ஒன்று உண்டு. 1653ஆம் ஆண்டில் ஐசாக் வோல்ற்றன் என்பவர் தூண்டிற்கலை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஆங்கில மொழியில் மிகப் பலமுறை பதிப்பிக்கப்பெற்ற நூல்களுள் அதுவும் ஒன்று. 1655இல் வெளிவந்த அதன் இரண்டாம் பதிப்பில், மே மாதக் காலை ஒன்றில் இலண்டனுக்கு வடக்கேயுள்ள சாலையில் மூவர் சந்திக்கின்றனர். ஒருவர் வல்லூறு கொண்டு பறவை பிடிப்பவர், மற்றொருவர் வேட்டைக்காரர், மூன்றாமவர் தூண்டிற்காரர். முதல்வர் வானத்தின் பெருமையையும், அடுத்தவர் நிலத்தின் பெருமையையும், தூண்டிற்காரர் நீரின் பெருமையையும் எடுத்துரைத்துத் தத்தம் தொழிலே சிறந்ததென வாதிடுகின்றனர். வாதம் நட்பில் முடிகின்றது. மறுநாள் தூண்டிற்காரரும் வேட்டைக்காரருடன் நீர்நாய் வேட்டைக்குச் செல்கின்றார். மீனைத் தின்னும் நீர்நாய் தமக்குப் பகை என்பதனால், அது நாய்களிடம் அகப்பட்டு மடிவதைக் கண்டு அவர் மகிழ்கின்றார். பின்னர் வேட்டைக்காரர் அவரிடமே தூண்டிற்கலை பயிலும் மாணவராகின்றார். இவ்வாறு, இரு சாராரின் நட்பும் ஒரு பொதுப் பகையின் மீது கட்டப்பட்டதை அந்நூலே காட்டுகின்றது. அப்பகை உண்மையானதா என்பதைப் பின்னர் காண்போம்.

நூலில் நண்பர்களாகத் தோன்றிய இவ்விருவரும் நாட்டில் அவ்வாறு வாழ்ந்தனரா? சட்டங்களைப் புரட்டிப் பார்த்தால் வேறொரு காட்சி தென்படுகின்றது. வேட்டை பெரும்பாலும் நிலவுடைமையாளரின் உரிமையாயிருந்தது. அவர்தம் மானையோ, முயலையோ, குளத்து மீனையோ ஏழை ஒருவன் கைப்பற்றினால் அவன் திருடனாகக் கருதப்பட்டான். 1723ஆம் ஆண்டில் நிறைவேறிய ‘கறுப்புச் சட்டம்’ மான் திருட்டுக்கு மட்டுமன்றி, மீன் வளர்க்கும் குளத்தின் அணையை உடைப்பதற்கும் மரணதண்டனை விதிக்க இடமளித்தது. 1828ஆம் ஆண்டின் சட்டமோ, இரவில் முயல் முதலியவற்றைத் திருட்டுத்தனமாக வேட்டையாடி மீண்டும் மீண்டும் அகப்படுபவனைக் கடல்கடந்த நாடுகளுக்கு அனுப்ப வகைசெய்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் புகையிரதப் பாதைகள் பெருகியபோது, ஷெபீல்ட், பேர்மிங்ஹாம் போன்ற தொழில் நகரங்களின் தொழிலாளர் ஓய்வுநாளில் ஆற்றங்கரைகளை நாடினர். ட்றவுட், சமன் ஆகிய உயர்தர மீன்கள் செல்வந்தரின் தனியுரிமையாயிருக்க, இவர்கள் விலைகுறைந்த ஆற்று மீன்களைப் பிடித்து மகிழ்ந்தனர், சங்கங்கள் அமைத்தனர். 1878இல் அந்த மீன்கள் முட்டையிடும் பருவத்தில் அவற்றைப் பிடிப்பதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறிற்று. அதனைப் பாராளுமன்றத்திற் கொண்டுவந்தவர் ஷெபீல்ட் நகரின் பிரதிநிதியான மண்டெல்லா என்பவர். அச்சட்டத்தை வேண்டி நின்றோருள் தூண்டிற்காரரே முன்னணியில் இருந்தனர் என்பது கருதத்தக்கது. தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொள்ளும் பழக்கம் அவரிடையே அன்றே தோன்றிவிட்டது.

இனி, விலங்குகளை வதைத்தல் பற்றிய சட்டங்களின் வரலாற்றுக்கு வருவோம். “இன்று எமக்கு, நாளை உமக்கு” என்ற வாதத்தின் மூலத்தை அங்கேதான் காணலாம். கட்டிவைத்த எருதின் மீது நாய்களை ஏவி வேடிக்கை பார்க்கும் வழக்கம் இங்கிலாந்தில் நெடுங்காலம் இருந்தது. 1800ஆம் ஆண்டில் அதனைத் தடைசெய்யும் சட்டமூலம் ஒன்று பொதுமக்கள் சபைக்கு வந்தது. அப்போது யுத்த அமைச்சராயிருந்த வில்லியம் விண்டம் அதனை வன்மையாக எதிர்த்தார். செல்வந்தர் நரியையும் மானையும் துரத்தி மகிழ்வர். ஏழையின் வேடிக்கையை மட்டும் கொடுமை என்று கூறித் தடுப்பது எந்த வகையில் நீதி என்பது அவர் எழுப்பிய வினா. எருதை நாய்க்கிடும் வழக்கம் கொடுமையென்றால் வேட்டையும் கொடுமையே. ஒன்றைத் தடுத்தவர் மற்றொன்றைத் தடுக்காமல் விடுவதற்கு நியாயம் இல்லை என்றார். சட்டமூலம் தோல்வியுற்றது.

விண்டம் கண்ட தொடர்பு பொய்யன்று. 1822இல் கால்நடைகளை வதைப்பதற்கு எதிரான முதற் சட்டம் நிறைவேறிற்று. 1824இல் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் இலண்டனில் தோன்றிற்று. 1835இல் எருதை நாய்க்கிடுதலும் சேவற்போரும் தடுக்கப்பட்டன. 1891இல் ஹென்றி சோல்ற் முதலியோர் மனிதாபிமானக் கழகத்தைத் தொடங்கி, அரச குடும்பத்தின் மான்வேட்டை நாய்க்கூட்டத்துக்கு எதிராகப் பிரசாரம் செய்தனர். 1901இல் அது கலைக்கப்பட்டது. ஆயினும் 1911ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தன் எல்லைக்கு வெளியே விட்டது. 1924இல் கொடிய விளையாட்டுக்களை எதிர்க்கும் கழகம் எழுந்தது. அதற்கு எதிராக 1930இல் வெளிநில விளையாட்டுக்களைக் காக்கும் சங்கம் எழுந்தது. 1949இல் வேட்டைக்கு எதிரான சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தபோது, அன்று ஆட்சியிலிருந்த தொழிற்கட்சி அரசாங்கமே அதனை ஆதரிக்கவில்லை. பின்னர் நியமிக்கப்பட்ட விசாரணைக் குழு 1951இல் வேட்டைக்குப் பெரிதும் சாதகமான அறிக்கையை அளித்தது.

முடிவான போராட்டம் 1997இல் தொடங்கிற்று. அவ்வாண்டு நவம்பரில் நாய்கொண்டு வேட்டையாடுதலைத் தடுக்கும் சட்டமூலம் பொதுமக்கள் சபையின் இரண்டாம் வாசிப்பில் 411 வாக்குகளைப் பெற்றது; எதிராக விழுந்தவை 151. எனினும் போதிய நேரம் கிடைக்காமையால் அது கைவிடப்பட்டது. நாட்டுப்புறத்தார் இலண்டனிற் பெருந்திரளாகக் கூடினர். 2002 செப்டெம்பரில் நடைபெற்ற ஊர்வலத்தில் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் நடந்தனர். அவர்களிடையே தூண்டிற்காரரும் இருந்தனர். அவ்வாண்டே ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றம் தன் எல்லைக்குள் இவ்வேட்டையைத் தடைசெய்தது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான சட்டம், பிரபுக்கள் சபையின் எதிர்ப்பை மீறி, 2004 நவம்பர் 18ஆம் நாள் நிறைவேறி, 2005 பெப்ரவரி 18ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே, 1800இல் விண்டம் அஞ்சியது 204 ஆண்டுகள் கழித்து நிகழ்ந்தேவிட்டது. வேட்டைக்காரர் இதனையே தம் வாதத்துக்குச் சான்றாகக் காட்டுவர். எருதைத் தொட்ட கை நரியையும் தொட்டது. நரியைத் தொட்ட கை மீனைத் தொடாமல் விடுமா என்பர். இக்கேள்வியை நகைத்து ஒதுக்குதல் தகாது.

ஆயின் அவ்வாதத்தைச் சற்றுப் பின்னோக்கி நடத்திப் பார்ப்போம். விண்டம் கூறியதை ஏற்று, நரிவேட்டையைக் காப்பதன்பொருட்டு எருதை நாய்க்கிடும் வழக்கத்தையும் காத்திருக்க வேண்டும் என்று இன்று யாரேனும் கூறுவரா? நரிவேட்டையை உயிரினும் மேலாக மதிக்கும் கனவான்கூட அவ்வாறு கூறமாட்டார். தம் முன்னோர் 1835இல் எருதைக் கைவிட்டதற்காக அவர் வருந்துவதுமில்லை. சங்கிலியின் ஒரு கண்ணியைக் காக்க எல்லாக் கண்ணிகளையும் காக்க வேண்டும் என்ற வாதத்தின் குறை இதுவே. அது நல்லதைக் காப்பதற்காகத் தீயதையும் சுமக்கச் சொல்கின்றது. ஒவ்வொன்றையும் அதனதன் தகுதியால் எடைபோட விடுவதில்லை. வேட்டைக்காரர் எருதின் விடயத்தில் ஏற்காத நியாயத்தைத் தூண்டிற்காரர் நரியின் விடயத்தில் ஏற்க வேண்டும் என்பது எங்ஙனம் பொருந்தும்?

மேலும், இக்கூட்டணியினால் யார் பெற்றது என்ன என்பதையும் நோக்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் பேர்ன்ஸ் பிரபுவின் தலைமையில் நடைபெற்ற விசாரணையின்போது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த நரிவேட்டை நாய்க்கூட்டங்கள் ஏறக்குறைய இருநூறு மட்டுமே. ஆற்றிலும் குளத்திலும் தூண்டிலிட உரிமச்சீட்டு வாங்குவோரோ ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் என்ற அளவில் இருந்தனர். எனவே தூண்டிற்காரருக்கு வேட்டைக்காரர் தேவைப்பட்டதிலும், வேட்டைக்காரருக்குத் தூண்டிற்காரர் தேவைப்பட்டதே பெரிது. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையை இவ்விடத்து நினைவுகூர்வோர் சிலர் இருக்கலாம். அது கடுமையான தீர்ப்பு. வேட்டைக்காரரின் அச்சம் நடிப்பன்று. அவர்தம் ஊர்களில் வாழ்க்கைமுறை ஒன்றே அழிகின்றது என அவர்கள் உளமார நம்பினர். ஆனால் ஒருவருடைய அச்சம் உண்மையானது என்பதனால் அவர் கேட்கும் துணையும் நியாயமானதாகிவிடாது.

நிகழ்ந்தது யாது? 2001ஆம் ஆண்டுத் தேர்தல் அறிக்கையில் தொழிற்கட்சி, தூண்டிலுக்கும் துப்பாக்கி விளையாட்டுக்கும் கட்டுப்பாடு விதிக்கும் எண்ணம் இல்லையென உறுதி கூறிற்று. நரிவேட்டையைத் தடைசெய்த அதே ஆட்சி, 2006இல் இயற்றிய விலங்கு நலச் சட்டத்தில், மீன்பிடித்தலின் வழமையான செயல்களுக்கு அச்சட்டம் பொருந்தாது எனத் தனிப்பிரிவு ஒன்றைச் சேர்த்தது. வேட்டைத் தடை நடைமுறைக்கு வந்து இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. தூண்டிலைத் தடைசெய்யும் சட்டம் எதுவும் பிரித்தானியாவில் நிறைவேறவில்லை. எச்சரிக்கப்பட்ட அந்த ‘நாளை’ இன்னும் விடியவில்லை.

தூண்டிலைக் காத்தது எது? அதனைப் பயில்வோரின் பெருந்தொகை ஒரு காரணம். அவர்களிற் பலர் உழைக்கும் மக்கள் என்பது இன்னொரு காரணம். இவற்றினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. தூண்டிற்காரர் நீரின் காவலர் என்ற பெயரை ஈட்டியிருந்தனர். 1948இல் ஜோன் ஈஸ்ற்வூட் என்னும் சட்டத்தரணி, ஆறுகளை மாசுபடுத்துவோர் மீது வழக்குத் தொடரத் தூண்டிற்காரருக்கென ஒரு சங்கத்தை நிறுவினார். 1950களின் தொடக்கத்தில் டார்பி நகரத்துத் தூண்டிற் சங்கம் ஒன்று, டேர்வென்ற் ஆற்றைக் கெடுத்தமைக்காகச் செயற்கை இழைத் தொழிற்சாலை ஒன்றுக்கும், கழிவுநீரை ஆற்றில் விட்ட நகரசபைக்கும், வெந்நீரை விட்ட மின்சார அதிகாரசபைக்கும் எதிராக வழக்காடி வென்றது. நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. சாதாரண மனிதர் சிலர், அவர்தம் கையில் ஒரு கோல், நூல், கொக்கி. எதிரே ஆலையும் நகரசபையும் அரச நிறுவனமும். அவ்வெற்றியின் பயனை மீன் பிடிப்போர் மட்டுமன்றி, ஆற்றங்கரையில் வாழ்ந்தோர் யாவரும் பெற்றனர். ஊர்வலங்கள் தேடித்தராத நன்மதிப்பை இத்தகைய செயல்கள் தேடித்தந்தன.

இங்கே, முன்னர் குறிப்பிட்ட நீர்நாயின் கதைக்கு மீள்வோம். வோல்ற்றனின் காலந்தொட்டு நீர்நாய் தூண்டிற்காரரின் பகையாகக் கருதப்பட்டது. அதனைக் கொல்ல வேட்டைக்காரர் துணைநின்றனர். 1950களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் ஆறுகளில் நீர்நாய்கள் திடீரென அருகத் தொடங்கின. இதனை உணர்த்திய சான்றுகளுள் நீர்நாய் வேட்டைக் குழுக்கள் எழுதிவைத்த பதிவேடுகளே முதன்மையானவை. அக்காலத்திற் புதிதாகப் புகுந்த பூச்சிநாசினிகள், குறிப்பாக டீல்ட்ரின் போன்றவை, ஆற்றிற் கலந்து மீன் வழியாக நீர்நாயின் உடலைச் சென்றடைந்தமை பின்னர் புலனாயிற்று. 1978இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நீர்நாய் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. அத்துடன் அவ்வேட்டையும் முடிவுற்றது. நஞ்சு தடுக்கப்பட்டு ஆறுகள் தெளிந்தபின் நீர்நாய்கள் மெல்ல மெல்ல மீண்டன. 2011ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் எல்லாக் கோட்டங்களிலும் அவை காணப்பட்டன. வளர்ப்புக் குளங்களில் அவற்றால் மீன் இழப்பு நேர்வதாக இன்றும் சிலர் முறையிடுவர். அதற்கு வேலியடைத்தல் போன்ற வழிகள் உண்டு. ஆயினும் மீனுக்குப் பெரும்பகை நீர்நாயன்று, நஞ்சே என்பதை அவ்வாறுகள் கற்பித்தன. மூன்று நூற்றாண்டுகளாக இரு சாராரையும் பிணைத்த பொதுப்பகை, பகையே அன்று என்பது தெளிவாயிற்று.

வேட்டைக்காரரைக் குற்றவாளியாக நிறுத்தி, தூண்டிற்காரரைத் தூயவராகக் காட்டுவது என் கருத்தன்று. நம் நாட்டு வரலாறே அதற்கு இடந்தராது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவிற் குடியேறி, அப்பகுதி மலைச் சமவெளிகளில் நாய்களைக் கொண்டு மரைகளை வேட்டையாடினார். அதனைப் பெருமையுடன் நூலாகவும் எழுதினார். அந்நூற்றாண்டின் இறுதியில் அதே மலைநாட்டு நீரோடைகளில் தோட்டத்துரைமார் ட்றவுட் மீன்களை வளர்த்துத் தூண்டிலிட்டனர். 1896இல் அதற்கென ஒரு கழகமும் அமைத்தனர். இவற்றுக்கிடையே, 1894ஆம் ஆண்டில், வேட்டையில் ஈடுபட்ட துரைமாரே வேட்டை விலங்குகள் அற்றுப்போவதைக் கண்டு அஞ்சி, அவற்றைக் காக்க ஒரு சங்கத்தை நிறுவினர். தாம் சுடுவதற்கு விலங்கு எஞ்சியிருக்க வேண்டும் என்ற தன்னலமும் அதிற் கலந்திருந்தது. எனினும் அச்சங்கமே காலப்போக்கில் வனவிலங்குகளையும் இயற்கையையும் காக்கும் சங்கமாக வளர்ந்தது. முதலில் வேட்டைக்கென ஒதுக்கப்பட்ட யால வனமும் 1938இல் தேசியப் பூங்காவாயிற்று. தனக்கு எல்லை வகுத்துக்கொள்ளும் வேட்டைக்காரன் காவலனாக மாறக்கூடும் என்பதற்கு இது சான்று.

அங்ஙனமாயின் தூண்டிற்காரர் செய்யவேண்டியது யாது? நரியைக் கைவிட்டுத் தான் தப்பித்துக்கொள்வதா? அதுவும் தகாது. “நான் நாய்களை ஏவுவதில்லை, ஆதலால் என்னைக் கேளாதீர்” என்று அவர் ஒதுங்குவாராயின், அவரை நோக்கியும் ஒரு வினா காத்திருக்கின்றது. அது புதிய வினாவன்று. கவிஞர் பைரன் 1823இல் வெளியிட்ட காவியப் பகுதியொன்றில், சாந்தமே உருவான வோல்ற்றனைக் கொடியவரென இகழ்ந்தார். விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தின் ஆதரவில் 1976 முதல் 1979 வரை ஆராய்ந்த குழு, முதுகெலும்புள்ள உயிர்கள் யாவும், மீன் உட்பட, கூடியோ குறைந்தோ நோவை உணர்வன எனக் கருதுவதற்குச் சான்று உண்டு என்றது. 2003இல் ஸ்கொத்லாந்தில் லின் ஸ்நெடன் முதலியோர் ட்றவுட் மீனின் உதட்டில் எரிச்சலூட்டும் பொருளைச் செலுத்தி ஆராய்ந்தபோது, மீன் தன் வாயைக் கற்களில் தேய்த்ததையும் நெடுநேரம் உணவு கொள்ளாதிருந்ததையும் கண்டனர். இதனை நோவெனக் கொள்ள மறுக்கும் அறிஞரும் உளர். ஆனால் 2022இல் பிரித்தானியா இயற்றிய சட்டம், உணர்வுடைய உயிர்களின் வரிசையில் மீனையும் சேர்த்துள்ளது.

இதைவிட இக்கட்டான நிலையொன்றும் உண்டு. பசிக்காக மீன் பிடிப்பவனுக்கு ஒரு நியாயம் இருக்கின்றது. ஆனால் இங்கிலாந்தின் ஆற்றுத் தூண்டிற்காரரிற் பெரும்பாலோர் பிடித்த மீனை மீண்டும் நீரிலே விட்டுவிடுகின்றனர். அதனை அவர்கள் கருணை என்பர். சுவிற்சர்லாந்திலோ, திரும்ப விடும் நோக்குடனேயே மீன் பிடித்தல் சட்ட விரோதமாகும். உண்ணும் நோக்கமின்றி ஓர் உயிரைத் துன்புறுத்துவது விளையாட்டுக்காகத் துன்புறுத்துவதே என்பது அவர்தம் நியாயம். ஒரு நாட்டில் கருணையெனப்படுவது மற்றொரு நாட்டிற் குற்றமாகின்றது. இவ்வினாவுக்கு வேட்டைக்காரரின் கொடியின் கீழ் நின்று விடையளிக்க இயலாது. அவ்வூர்வலத்தில் எத்தனை இலட்சம் பேர் நடந்தாலும், மீனின் உதட்டிலுள்ள கொக்கி பற்றிய வினா அப்படியே நிற்கும்.

தூண்டிற்காரர் இதற்கு விடை தேடத் தொடங்கியுள்ளனர் என்றே கூறவேண்டும். முட்டையிடும் பருவத்தை ஒதுக்கியது முதற்படி. ஈயக் குண்டுகளை விழுங்கி அன்னங்கள் மடிவது தெரியவந்தபின், 1987இல் அவற்றின் விற்பனை பெரும்பாலும் தடுக்கப்பட்டது. தூண்டிற்காரர் வேறு உலோகத்துக்கு மாறினர். முள்ளில்லாக் கொக்கியைப் பயன்படுத்துதல், நனைத்த கையால் மீனைத் தொடுதல், நெடுநேரம் போராடவிடாது விரைவிற் கரைசேர்த்தல் முதலிய ஒழுக்கங்கள் பரவியுள்ளன. இவை போதுமா என்பதை வருங்காலம் தீர்மானிக்கும். ஆனால் வாதத்தின் திசை இதுவே ஆதல் வேண்டும். தன் செயலால் விளையும் துன்பத்தைக் குறைத்துக்கொண்டே வருபவனின் சொல்லுக்குத்தான் சபையில் மதிப்புண்டு.

எனவே தூண்டிற்காரர் வேட்டைக்காரருக்குத் துணைநிற்க வேண்டுமா என்ற வினாவுக்கு வரலாறு தரும் விடை இருபுறமும் கூரியது. அச்சத்தின் காரணமாகத் துணைநிற்க வேண்டியதில்லை; ஏனெனில் அச்சம் ஒவ்வொரு தீய வழக்கத்தையும் காக்கச் சொல்லும். அச்சத்தின் காரணமாகத் தூற்றவும் வேண்டியதில்லை. ஏனெனில் பிறரைக் காட்டிக்கொடுத்துப் பெறும் பாதுகாப்பு நிலைக்காது. வேட்டைக்காரரின் வழக்கை நேர்மையுடன் கேட்டு, அதில் நியாயம் உண்டெனக் கண்டால் ஆதரிக்கட்டும். இல்லையெனக் கண்டால் அதனை நேரிற் கூறட்டும். பின்னர், தம் வழக்கைத் தாமே நடத்தட்டும். அவ்வழக்கில் அவருக்குச் சாட்சி கூறவேண்டியவர் குதிரைமீது வரும் வேட்டைக்காரரல்லர். தெளிந்தோடும் ஆறும், அதிலே வாழும் மீனுமேயாம்.